மதகு வழக்கில் கேட்கப்படாத கேள்வி

மார்ச் 3

என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்ட மருமகளுக்கு, பேச்சை நிறுத்தவே தெரியாத மாமன் எழுதுவது.

நலமா என்று கேட்கமாட்டேன். நான் கூப்பிட்டபோதெல்லாம் நீ போனைத் துண்டித்த வேகத்திலேயே உன் ஆரோக்கியம் தெரிந்துவிட்டது. விரலில் அத்தனை வலு இருக்கிறவளுக்கு உடம்புக்கு என்ன குறை. அதனால்தான் கடிதம். போனை வைத்துவிடலாம், கடிதத்தை என்ன செய்வாய்? எங்கே வைத்தாலும் அது உன்னையே பார்த்துக்கொண்டு கிடக்கும்.

இங்கே நான் வாதாடுகிற துறைமுகத்து வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. இன்னும் இரண்டு மாதம் இந்த விடுதி அறைதான் கதி. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகுகிறது. நானும் கூடவே முனகுகிறேன்.

நடந்ததை முறையாகப் பதிவு செய்துவிடுகிறேன். உன் அம்மா, அதாவது என் அக்கா, அதைக் கண்டபடி திரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பழைய கோர்ட்டுக் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கி, மாதம் ஒரு ஞாயிறு, நூறு வருடத்துக்கு முந்தைய மதகு வழக்கை அதே கூடத்தில், அதே கூண்டில், அந்தக் காலத்து உடுப்பில் நடத்திக் காட்டுகிறாய். நல்ல காரியம். உள்ளூர் வரலாற்றை மூன்று பாகம் எழுதி, நான்காம் பாகத்தால் இந்த உலகத்தை நடுங்க வைக்கப்போகிற என்னைக் கூண்டில் நிற்பவனின் வக்கீலாகப் போட்டாய். அது இன்னும் நல்ல காரியம்.

வழக்கு என்ன? மழை இரவில் ஏரி நிறைந்தது. மதகு திறக்கப்படவில்லை. கரை உடைந்து கடைத்தெருவே அடித்துக்கொண்டு போனது. மதகுக்காவலன் குடிசையில் தூங்கிவிட்டான் என்று ஓவர்சியர் சாட்சி சொன்னார். காவலனுக்காக வாதாடிய வக்கீல் அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி. ‘அன்று மழை பெய்ததா?’ ‘பலத்த மழையா?’ அப்புறம், ‘வேறு கேள்வி இல்லை’ என்று உட்கார்ந்துவிட்டார். காவலனுக்குப் பத்து வருடம். இரண்டாம் வருடமே சிறையில் செத்துப்போனான்.

முதல் இரண்டு காட்சிகளில் நீ எழுதிக் கொடுத்தபடி நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றா சொன்னேன்? நாற்காலிக்கு அடியில் அடுப்பு மூட்டியது போல இருந்தது. மூன்றாவது காட்சியிலும் உட்காரத்தான் போனேன் மருமகளே, சத்தியமாக. முழங்கால் மடங்க மறுத்தது. வாய் தானாகத் திறந்தது. ‘மதகுச் சக்கரத்தைப் பூட்டி வைப்பீர்களே, அந்தச் சாவி அன்று யாரிடம் இருந்தது?’

ஓவர்சியராக நடிக்கிற நம் இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு வசனத்தில் இதற்குப் பதில் இல்லை. அவர் நெற்றியில் வழிந்த வேர்வைக்கு இன்னொரு ஏரி கட்டலாம். கடைசியில், “எங்கிட்டதான் சார் இருந்துச்சு” என்றார். நீதிபதியாக உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “அப்ப இவரு எப்படிங்க திறப்பாரு?” என்று கேட்டுவிட்டு, மேசையில் ஓங்கித் தட்டி, விடுதலை என்றார். காவலனாகக் கூண்டில் நின்ற தபால்காரர் கம்பியைத் தாண்டிக் குதித்து என்னைக் கட்டிக்கொண்டார். கைதட்டலில் கூரையை விட்டுப் பறந்த புறாக்கள் மூன்று மாவட்டம் தாண்டித்தான் இறங்கினவாம்.

உலக நீதித்துறையில், செத்து நூறு வருடம் ஆனவனுக்கு விடுதலை வாங்கிய ஒரே வக்கீல் உன் மாமன். அதற்கு நீ கூடத்தின் நடுவில் நின்று என்ன சொன்னாய்? “மாமா, வெளிய போங்க.” மாலை போட வேண்டிய கழுத்தைப் பிடித்துத் தள்ளினாய்.

மன்னிப்புக் கேட்க உனக்கு ஒரு வாரம் அவகாசம் தருகிறேன்.

இப்படிக்கு,
எமலோகத்து அப்பீலையும் எடுத்து நடத்தும்
உன் மாமன்


மார்ச் 9

மாமா,

உங்கள் கடிதம் வந்தது. அம்மா எதையும் திரிக்கவில்லை. “எந்தம்பி வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா அன்னைக்குச் சூரியன் மேற்கே உதிக்கும்” என்று மட்டும்தான் சொன்னாள்.

நீங்கள் ஜெயித்தது வழக்கு. நான் நடத்துவது வழக்கு இல்லை. அந்தக் கூடத்தில் அன்றைக்கு என்ன நடந்ததோ அதை நடத்துகிறேன். அன்றைக்கு நடந்தது, ஒருத்தரும் கேட்கவில்லை என்பதுதான். இதை உங்களுக்கு ஒத்திகையில் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினீர்கள்.

சாவியை நான் ஒளித்து வைக்கவில்லை. வெளியே போகிற வழியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ‘மதகுச் சாவி. ஓவர்சியர் வீட்டுச் சுவரிலிருந்து எடுத்தது’ என்று கீழே எழுதியிருக்கிறேன். முதல் காட்சி முடிந்து எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு தையல்காரர் அந்தப் பெட்டி முன்னால் நின்றார். நகரவே இல்லை. அப்புறம் என்னைத் தேடி வந்து, “ஏம்மா, சாவி அந்தாளு வீட்டுல இருந்தா இவரு எப்படித் திறப்பாரு? இதை ஏன் யாரும் கேக்கலை?” என்றார். வீட்டுக்குப் போயும் அவர் தூங்கியிருக்கமாட்டார். எனக்கு வேண்டியது அதுதான். அவர் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் நீங்கள் கேட்கக் கூடாது.

உங்கள் காட்சி முடிந்த அன்று எல்லாரும் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒருவர்கூட அந்தப் பெட்டியிடம் நிற்கவில்லை. ஒருவர் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். கறை இன்னும் இருக்கிறது.

ஒரு மனிதன் அநியாயமாகச் செத்தான். அதை நீங்கள் ஒரு கைதட்டலில் சரிசெய்து ஊரை நிம்மதியாகத் தூங்க அனுப்பிவிட்டீர்கள்.

அருங்காட்சியகக் காப்பாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். தீர்ப்பு இன்னொரு முறை மாறினால் நிகழ்ச்சியையே நிறுத்திவிடுவாராம். “இது என்ன, அவங்கவங்க இஷ்டத்துக்கு முடிவு மாத்தற நாடகமா?” என்று கேட்டார்.

உங்கள் இடத்துக்குப் பல் டாக்டர் வருகிறார். வக்கீல் கவுன் உங்களிடம் இருக்கிறது. பார்சலில் அனுப்பவும்.

மருமகள்


மார்ச் 13

மாட்சிமை தாங்கிய மருமகளின் சமூகத்துக்கு,

கவுன் வராது. போரில் தோற்ற தளபதிகூட வாளைத்தான் கொடுப்பான், சட்டையைக் கழற்றிக் கொடுத்ததாக எந்த வரலாற்றிலும் இல்லை.

பல் டாக்டரா? சரியான ஆள். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பழகினவர். தன் வாயை மூடிக்கொள்வதில் அவருக்கு என்ன கஷ்டம்? ‘மழை பெய்ததா?’ என்று கேட்டுவிட்டுத் துப்பச் சொல்லாமல் இருந்தால் சரி.

நீ எழுதினதைப் படித்தேன். அந்தத் தையல்காரர் இருக்கும் பத்தியை இரண்டு முறை படித்தேன். ஒப்புக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு ஒரு நியாயம் சொல். அந்த வக்கீல் ஏன் உட்கார்ந்தான்? இரண்டு கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு மூன்றாவது தெரியாதா? நான் சொல்கிறேன், ஓவர்சியரின் ஆட்கள் அவனை விலைக்கு வாங்கிவிட்டார்கள். நான்காம் பாகத்தில் அதற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கிவிட்டேன். தலைப்பு ‘விலைபோன வக்கீல்’. காகிதத்தில் தீப்பிடிக்காமல் இருக்கப் பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பகலில் கோர்ட்டு, மாலையில் அத்தியாயம். இருந்தும் கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. கடற்கரைச் சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்கிறேன். தினமும் பார்க்கிற காவலாளி நேற்று நிறுத்தி, “சார், எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டான். வேலையைத் தொலைத்துவிட்டேன், தம்பி, என் மருமகள் பிடுங்கிக்கொண்டாள் என்றேன். பரிதாபப்பட்டு ஒரு பீடி நீட்டினான்.

டாக்டர் எப்படி உட்கார்ந்தார் என்று மட்டும் எழுது. சும்மா கேட்கிறேன்.

நாடுகடத்தப்பட்ட மாமன்


மார்ச் 27

மாமா,

காட்சி நடந்தது. டாக்டர் வசனம் எதையும் மாற்றவில்லை. தீர்ப்பும் மாறவில்லை. காப்பாளருக்குத் திருப்தி.

வேறு ஒரு செய்தி. மதகுக்காவலரின் கொள்ளுப்பேத்தி எனக்கு எழுதியிருக்கிறார். வழக்கு முடிந்ததும் அந்தக் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது என்று உங்கள் இரண்டாம் பாகத்தில் எழுதியிருந்தீர்களே, அவர்கள்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாராம். ஏப்ரல் காட்சிக்கு வருகிறார். ‘எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். அன்றைக்கு என்ன நடந்ததோ அதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்’ என்று எழுதியிருக்கிறார்.

அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கூடத்து நாற்காலிகளை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். எந்த வரிசையில் உட்கார வைத்தாலும் கூண்டு நேராகத் தெரிகிறது.

கவுன் இன்னும் வரவில்லை.

மருமகள்


மார்ச் 31

மருமகளே,

‘காட்சி நடந்தது.’ அவ்வளவுதானா? மழைக்கு முன்னால் காக்கைகூட இதைவிட நீளமாகக் கத்தும். நீ எழுதாததை அக்கா போனில் சொல்லிவிட்டாள். இதோ அவள் வாய்மொழி, ஒரு சொல்லும் கூட்டாமல்: “அந்த டாக்டர் பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி உக்காந்திருந்தாருடா. இது முடிஞ்சா க்ளினிக்குக்குப் போகலாம்னு மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. பக்கத்துல இருந்த பொண்ணு கொட்டாவி விட்டா. எனக்கும் வந்துச்சு, மகளோட நாடகமாச்சேன்னு அடக்கிக்கிட்டேன்.”

கண்ணாடிப் பெட்டியிடம் எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்டேன். “பெட்டியா? எல்லாரும் கழிவறை எங்கன்னு கேட்டுட்டு இருந்தாங்க” என்றாள்.

சிரிக்கத்தான் நினைத்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, அந்த ஆம்புலன்ஸ் அம்மாவை நினைத்து.

இனி வழக்கை உன் முன் வைக்கிறேன், கவனமாகக் கேள். நூறு வருடமாக ஒரு குடும்பம் தலை குனிந்து இருந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண் அத்தனை தூரம் வந்து முன்வரிசையில் உட்கார்கிறாள். அவள் கண்ணெதிரே அவள் கொள்ளுத்தாத்தாவைக் கூண்டில் ஏற்றி, மறுபடியும் பத்து வருடம் போட்டு அனுப்பப் போகிறாயா? என்னை விடு. ஒரே ஒரு காட்சி. சாவியைக் கேட்கிறேன், விடுதலை வாங்கித் தருகிறேன், அவள் ஒருமுறை நிமிர்ந்து உட்காரட்டும். அதன்பின் காப்பாளர் நிகழ்ச்சியை மூடினால் மூடட்டும். ஏரிக்கரையில் பந்தல் போட்டு நாமே நடத்துவோம்.

இது மாமன் அடிக்கிற ஜம்பம் இல்லை. யோசித்துச் சொல்.

மாமன்


ஏப்ரல் 5

மாமா,

யோசித்தேன். தூக்கமில்லாமல் யோசித்தேன், அது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

முதலில் டாக்டர் விஷயம். அம்மா சொன்னது உண்மை. அவர் சும்மா இருந்தார், ஆனால் அந்தச் சும்மாவில் ஒன்றும் இல்லை. அவரிடம் மூன்றாவது கேள்வியே கிடையாது, அதனால் கேட்காமல் விட்டதும் தெரியவில்லை. நீங்கள் உட்கார்ந்த அந்த முதல் இரண்டு காட்சிகளில், மேசை விளிம்பைப் பிடித்திருந்த உங்கள் கையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். நரம்பு புடைத்திருந்தது. பின்வரிசையில் ஒருவர், “கேப்பாரு பாரு, இப்ப கேப்பாரு” என்று முணுமுணுத்தார். நீங்கள் கேட்கவில்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கேள்வி வயிற்றில் கிடந்து புரளும்போதும் வாயை மூடிக்கொண்டு உட்காருகிற ஆள் எனக்கு வேண்டும். இந்த ஊரில் அப்படி ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு வாயை மூடத் தெரியாது. இதுதான் என் தலையெழுத்து.

இரண்டாவது, அந்த அம்மா. அவர் விடுதலை கேட்கவில்லை மாமா. அவர் எழுதினதை மறுபடி பாருங்கள். என்ன நடந்ததோ அதைக் காட்டு என்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா கடைசிவரை அந்தக் கூண்டில் நின்று, தன் வக்கீலின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் விடுதலை கொடுத்தால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அவரிடமே சொல்கிற மாதிரி. பொய்ச் செய்தி சொல்வதற்கு அவரை அத்தனை தூரம் வரவழைக்க வேண்டாம்.

ஏப்ரல் பதினெட்டு, ஞாயிறு, மாலை நான்கு மணி. வருகிறீர்களா? வந்தால் இரண்டு கேள்விதான். நீதிபதி ‘வேறு ஏதாவது உண்டா?’ என்று கேட்பார். ‘இல்லை’ என்று நீங்கள் சொல்ல வேண்டும். நடுவில் இருமல்கூடக் கூடாது. கூடத்திலும் தாழ்வாரத்திலும் யாராவது உங்களிடம் பேசினால், கவுனைக் கழற்றும்வரை நீங்கள் அந்த வக்கீல்தான். ‘நான் யார் தெரியுமா’ என்று ஆரம்பிக்கக் கூடாது.

முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் கெஞ்சி, கொஞ்சம் கவலையாக முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மருமகள்


ஏப்ரல் 9

கொடுமைக்காரியே,

பயிற்சி தொடங்கிவிட்டேன். அறையில் இருக்கிற ஒரே நாற்காலியை நடுவில் போட்டு, ‘வேறு கேள்வி இல்லை’ என்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். உட்கார்ந்தபின் வாயைத் திறக்கக் கூடாது. யோகிகள் குகையில் செய்கிறார்களே, அதெல்லாம் விளையாட்டு. அவர்களுக்கு எதிரே இன்சூரன்ஸ் ஏஜென்ட் நிற்கவில்லை. முதல் நாள் பாதியிலேயே எழுந்து அலமாரியைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டேன். அலமாரி பொய் சொன்னது. இரண்டாம் நாள் விடுதி மேலாளர் கதவைத் தட்டினார். “ஒண்ணுமில்ல சார், பேச்சு சத்தமே வரலை. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பாக்க வந்தேன்.”

நேற்று நிஜக் கோர்ட்டிலும் சோதித்துப் பார்த்தேன். எதிர்ச்சாட்சியிடம் சின்னதாக இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் ஏதோ பெரிய கண்ணி வைத்திருக்கிறேன் என்று பயந்து வாய்தா வாங்கிக்கொண்டு ஓடினார். வரலாற்றில் முதன்முறையாக என் மௌனத்துக்கு ஆள் பயந்திருக்கிறார். இத்தனை வருடம் தொண்டையை வீணாக்கிவிட்டேன்.

இனிச் சொல்லப்போவது வேறு.

அந்த நாற்காலியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்ததில் ஒன்று இடித்தது. மழை பெய்ததா என்று கேட்கிறான். பலத்த மழையா என்று கேட்கிறான். ஏன் மழையில் ஆரம்பித்தான்? விலைபோனவன் அப்படி ஆரம்பிக்கமாட்டான், அவன் காவலனின் வயதையோ ஊரையோ கேட்டுவிட்டுப் பொழுதைக் கழிப்பான். மழை, பலத்த மழை, அப்படியானால் மதகைத் திறந்தாக வேண்டும், திறக்கச் சாவி வேண்டும், சாவி எங்கே? நானாக இருந்தாலும் அதே படியில்தான் ஏறுவேன். அவன் சாவியை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறான் மருமகளே. ஒரு படி இருக்கும்போது நின்றுவிட்டான். நீதிபதி முறைத்தாரா, எதிரே உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் செருமினாரா, நெஞ்சு அடைத்ததா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்த நிமிடம் எந்தப் பதிவிலும் ஏறவில்லை.

‘விலைபோன வக்கீல்’ அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவனைத் திட்டிக்கொண்டிருந்தவரை உட்காருவது சுலபமாக இருந்தது. இப்போது இன்னும் கஷ்டம். அவனுக்கும் கேள்வி தொண்டைவரை வந்திருக்கிறது.

அதனால் வாக்கு எதுவும் கொடுக்கமாட்டேன். அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருக்கும்போது, ‘வேறு ஏதாவது உண்டா?’ என்று மருந்துக்கடைக்காரர் கேட்கும்போது, என் வாய் என்ன செய்யும் என்று எனக்கே தெரியவில்லை. உன் மொத்த உழைப்பும் அந்த ஒரு நொடியில் என் நாக்கு நுனியில் நிற்கும். நன்றாக யோசித்துக்கொள். டாக்டர் பத்திரமான ஆள்.

மாமன்


ஏப்ரல் 12

மாமா,

பத்திரமான ஆள் வேண்டாம். வாக்கும் வேண்டாம். வாருங்கள்.

இரண்டு மணிக்குள் வந்துவிடுங்கள், கவுனுக்கு இஸ்திரி போட வேண்டும். அதை நீங்கள் தலையணையாக வைத்துத் தூங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அம்மா முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்கிறாள். “வாயைத் திறந்தான்னா நான் எழுந்து நின்னுருவேன்னு சொல்லு” என்றாள். அவளைப் பின்னால் தள்ளி உட்கார வைக்கப் பார்க்கிறேன்.

மருமகள்


ஏப்ரல் 19

மாமா,

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள். வீட்டில் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கவுனையும் மறுபடி கொண்டுபோய்விட்டீர்கள்.

‘இல்லை’ என்று நீங்கள் சொன்னபோது நான் பக்கவாட்டுக் கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தபிறகும் திறக்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் இன்றைக்குப் போன் செய்து, அடுத்த மாதம் ஓவர்சியர் வேஷம் தனக்கு வேண்டாம் என்றார். “கடைக்குப் போனா ஆளுங்க என்னையே பாக்கறாங்க மேடம்.”

கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி அவ்வளவு கூட்டம். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆம்புலன்ஸ் அம்மா கூட்டத்தை விட்டுப் பிரிந்து, தாழ்வாரத்தில் நின்ற உங்களிடம் வேகமாக நடந்து வந்ததைக் கண்டேன். நான் வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார். நீங்கள் தூணைப் பார்த்து நின்றுகொண்டிருந்தீர்கள். கூப்பிட்டேன், கையை மட்டும் ஆட்டிவிட்டுப் படி இறங்கிவிட்டீர்கள்.

அவர் என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? நான் தப்பு செய்துவிட்டேனோ என்று நேற்றிலிருந்து குடைகிறது. அவரை வரவழைத்தது நான்தானே.

எழுதுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 21

அன்பு மருமகளுக்கு,

அக்காவிடம் சொல், நான் சாப்பிட்டேன். பேருந்து நிலையத்தில் எதையோ வாங்கிச் சாப்பிட்டேன். கவுனோடுதான் ஏறினேன் என்பதே நடத்துநர், “ஐயா, முன் சீட்டுக்கு வாங்க” என்று எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது.

நீ கேட்டதை முறையாகச் சொல்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் ‘வேறு ஏதாவது உண்டா?’ என்றார். அந்த அம்மா இரண்டாம் வரிசை ஓரத்தில் இருந்தார். வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், சீருடை, பையில் சாவிக்கொத்து, முழங்கால்மேல் கை. கூண்டைப் பார்க்கவில்லை. என்னையேதான் பார்த்தார். கேள்வி பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. ஒரு சின்ன வாக்கியம். அதை விட்டால் அவர் முகம் எப்படி மலரும் என்றுகூட எனக்குத் தெரியும், பிப்ரவரியில் ஓர் ஊரே மலர்ந்ததைப் பார்த்தவன் அல்லவா. அந்த ஆசையோடு போராடியபடியேதான் ‘இல்லை’ என்றேன். உட்கார்ந்தேன். பின்னால் கூண்டில் தபால்காரர் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நடிப்பென்று யார் சொன்னாலும் நம்பாதே.

தாழ்வாரத்தில் அவர் என் முன்னால் வந்து நின்றார். கோபமாகத்தான் வந்தார். கிட்ட வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

“ஏன் சார், சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை நீங்க கேக்கலை?”

மருமகளே, எனக்குப் பதில் தயாராக இருந்தது. ‘அம்மா, நான் நடிப்பவன். உண்மையில் போன மாதத்துக்கு முந்தைய காட்சியில் நான் அதைக் கேட்டேன், உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு விடுதலையே வாங்கிக் கொடுத்தேன், கூரையில் புறா மிஞ்சவில்லை.’ நாக்கில் அப்படியே வரிசையாக வந்து நின்றது. சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். என் பெயரைக் கேட்டிருப்பார். மூன்று பாகமும் வாங்கியிருப்பார்.

ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லையே. அவனைக் கேட்டார். நூறு வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் அவனிடம் போய் இதைக் கேட்க வழி இருந்ததில்லை. இன்றைக்குத்தான் ஆள் கிடைத்திருக்கிறான், கவுனோடு, கை எட்டுகிற தூரத்தில். நான் விலகி நின்றால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. “கேட்டிருக்கணும்.”

“ஆமா,” என்றார். “கேட்டிருக்கணும்.”

மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. அழவும் இல்லை. கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் நெளிந்தேன், ஆனால் நகரவில்லை. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான். எங்கப்பா சாகற வரைக்கும் இந்த ஊர்ப் பேரை எடுத்தாலே எழுந்து போயிருவாரு, அதைப் பாத்தே வளந்தவன். அவனுக்கும் உங்ககிட்ட கேக்க வேண்டியது இருக்கும். அடுத்த மாசம் கூட்டிட்டு வர்றேன். இருப்பீங்களா?”

இருப்பேன் என்றேன்.

அதனால் நீ தப்பு எதுவும் செய்யவில்லை. குடைச்சலை நிறுத்திக்கொள். அல்லது நிறுத்தாதே, இங்கே எனக்கும்தான் குடைகிறது, துணைக்கு ஆள் இருக்கட்டும். நேற்று முழுக்கத் துறைமுகத்து வழக்கில் என் கட்சிக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று இதுவரை நான் திரும்பிப் பார்த்ததில்லை.

மே மாதம் என்ன தேதி என்று எழுது. இங்கே வாய்தா குறுக்கே வந்தாலும் நான் வருகிறேன். இன்சூரன்ஸ்காரரை விட்டுவிடாதே, அவர் வேர்க்காவிட்டால் ஓவர்சியர் இல்லை. டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடு, அந்த நாற்காலி காலியில்லை என்று. திட்டு வாங்குவதற்கு ஒரு பையன் வருகிறான், அதாவது திட்டுவதற்கு. வருகிறவன் வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

உன் மாமன்